வைக்கோற்போர் ஜெபம் முதல் தெய்சே வரை: இளைஞரும் திருச்சபையும்

கிறிஸ்தவ நம்பிக்கையின் பக்கம் இளைஞர்கள் திரளாகத் திரும்பிய காலங்களும், கோயில் பெஞ்சுகள் காலியாகும்படி விலகிய காலங்களும் மாறி மாறி வந்திருக்கின்றன. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் அப்படி நிகழ்ந்த எழுச்சிகளில் பெரும்பாலானவை பேராயர் மாளிகைகளிலோ குருமடங்களின் ஆட்சிக்குழுக்களிலோ திட்டமிடப்பட்டவை அல்ல. கல்லூரி மாணவர்கள், கடைச் சிப்பந்திகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் தாங்களே கூடி, தாங்களே தலைவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய சங்கங்களில்தான் அவை பிறந்தன. திருச்சபை அவற்றை முதலில் ஐயத்தோடு பார்த்தது; பிறகு ஏற்றுக்கொண்டது; பல வேளைகளில் தன் கிளையாகவே ஆக்கிக்கொண்டது. அப்படி ஆக்கிக்கொண்ட தலைமுறையிலேயே அடுத்த இளைஞர் கூட்டம் வேறு இடம் தேடிப் போனதும் உண்டு.

மாணவர் குழுக்களின் தொடக்கம்

இளைஞர் தாமாகக் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் வழக்கத்துக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே வளர்த்த பக்தி இயக்கம் பல்கலைக்கழக மாணவர்களிடையே வேரூன்றியது. அங்கே பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1729இல் சார்லஸ் வெஸ்லியும் ஜான் வெஸ்லியும் கூட்டிய சிறு குழு, நாளை நேரம் வகுத்து ஜெபம், உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்தித்தல் என்று நடந்துகொண்டது. சக மாணவர்கள் கேலியாக வைத்த மெதடிஸ்ட் என்ற பட்டமே பின்னாளில் ஒரு பெரும் சபைப் பிரிவின் பெயராயிற்று.

ஆனால் மாணவர் இயக்கம் என்று தொடர்ச்சியாகச் சொல்லத்தக்க வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1806 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐவர் வெளியே ஜெபிக்கச் சென்றிருந்தபோது இடியும் மழையும் வந்தன. அருகிலிருந்த வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கிய அவர்கள் ஆசியாவுக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்ல முடியுமா என்று விவாதித்தார்கள். ஒருவர் மறுத்தார்; சாமுவேல் மில்ஸ் முதலான மற்றவர்கள் முடியும் என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களும் நண்பர்களும் இரகசியமாக ஒரு சகோதரர் சங்கத்தை அமைத்தனர். 1810இல் ஆண்டோவர் இறையியல் கல்லூரி மாணவர்கள் சபைத் தலைவர்களிடம் தங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்படி விண்ணப்பித்தனர். அதன் விளைவாகவே அமெரிக்கன் போர்டு என்று அறியப்பட்ட அயல்நாட்டு மிஷன் சங்கம் உருவாயிற்று. சபைகள் சங்கத்தை அமைத்து ஆட்களைத் தேடவில்லை. ஆட்கள் முன்வந்து நின்றதால் சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனை

அந்தச் சங்கத்தின் முதல் அணி 1812இல் கப்பலேறியது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் தங்க இடம் கொடுக்க மறுத்ததால் அணி சிதறியது. அவர்களில் சாமுவேல் நியூவெல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தின் நிலையை எழுதி அனுப்பினார். 1816இல் டேனியல் பூவர், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் உள்ளிட்டோர் வந்து சேர்ந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். இந்த ரிச்சர்ட்ஸ் வைக்கோற்போர் ஓரத்தில் ஜெபித்த ஐவரில் ஒருவர். நோயுற்று 1822இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார்.

மாணவர்களாய் இருந்து எழுந்தவர்கள் இங்கேயும் மாணவர்களையே நாடினார்கள். 1823இல் பூவரின் தலைமையில் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் ஆகியவற்றைக் கற்பித்தது. உண்டு உறைந்து படித்த மாணவர் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அந்த மனமாற்றத்தில் நம்பிக்கை எவ்வளவு, கல்வியும் அரச வேலையும் தந்த ஈர்ப்பு எவ்வளவு என்ற கேள்வி மிஷனெரிகளையே உறுத்தியது. செமினரியில் இருந்தவரை சபையில் இருந்து, வெளியேறிய பின் சைவத்துக்குத் திரும்பியவர்கள் குறைவல்லர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆயினர். கிறிஸ்தவராக வளர்ந்த தாமோதரம்பிள்ளை பின்னர் சைவரானார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்றார்.

வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, பீட்டர் பெர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், கிறிஸ்தவத்தை அணுக்கமாக அறிந்தும் சைவத்தில் உறுதியாக நின்றார். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்ற மிஷனின் மூன்று கருவிகளும் சைவ இளைஞர்களைத் திரட்டப் பயன்பட்டன. மிஷன் கல்வி ஓர் இளைஞரின் மனத்தைத் திறந்துவிட்டாலும், திறந்த மனம் எந்தத் திசையில் செல்லும் என்பதை மிஷன் தீர்மானிக்க முடியவில்லை. உயர்கல்வி மனமாற்றப் பணிக்குப் போதிய பலன் தரவில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் குழு கருதியது. 1855இல் செமினரி மூடப்பட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

துணிக்கடையில் பிறந்த சங்கம்

இதே காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் வேறுவகை இளைஞர் பெருகினர். தொழிற்புரட்சி கிராமத்து இளைஞர்களை லண்டனுக்கு இழுத்தது. துணிக்கடைச் சிப்பந்திகள் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் உழைத்து, கடையின் மேல்மாடியிலேயே படுத்து உறங்கினர். வீடு, ஊர், ஞாயிறு ஆராதனை எல்லாம் அறுந்துபோன அவர்களுக்கு ஓய்வு நேரத்தில் போக மதுக்கடையும் தெருவுமே மிஞ்சின. சாமர்செட் பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயதுச் சிப்பந்தி, உடன் வேலை செய்தவர்களைக் கூட்டி வேதபாடமும் ஜெபமும் நடத்தினார். 1844 ஜூன் 6ஆம் நாள் பன்னிருவர் கூடி அதற்கு வடிவம் கொடுத்தனர். வாலிபர் கிறிஸ்தவச் சங்கம் என்ற ஒய்.எம்.சி.ஏ. அப்படிப் பிறந்தது.

சங்கத்தின் புதுமை இரண்டு. முதலாவது, அது எந்தச் சபைப் பிரிவுக்கும் சொந்தமாக இல்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்ற வேறுபாடு சேர்க்கையில் பார்க்கப்படவில்லை. இரண்டாவது, அதை நடத்தியவர்கள் குருமார் அல்லர், சாதாரண விசுவாசிகள். 1851இல் அது வட அமெரிக்காவை எட்டியது. 1855இல் பாரிசில் உலக மாநாடு கூடி, பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் பொது அடிப்படையை ஏற்றது. அந்த மாநாட்டுக்கு வழிவகுத்தவர்களுள் ஜெனீவாவின் ஆன்றி டியூனான் ஒருவர். பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. அதே 1855இல் இங்கிலாந்தில் இளம் பெண்களுக்கான ஒய்.டபிள்யூ.சி.ஏ. தொடங்கியது.

அமெரிக்கச் சங்கங்கள் ஜெபக்கூட்டத்தோடு நூலகம், விடுதி, இரவுப் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டன. 1891இல் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தையும், 1895இல் வில்லியம் மார்கன் கைப்பந்தையும் உருவாக்கியது இந்தச் சங்கத்தின் பயிற்சிக் கூடங்களில்தான். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்ததே மனிதன் என்ற கருத்து, கோயிலுக்கு வராத இளைஞனையும் விளையாட்டுத் திடலில் சந்திக்க வைத்தது.

சபைக்குள்ளேயே இளைஞருக்கு இடம் தரும் முயற்சியும் நடந்தது. 1881 பிப்ரவரியில் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ எண்டெவர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் கூட்டந்தோறும் ஏதேனும் ஒரு பங்கு எடுப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டுப் போவது மட்டும் போதாது. தென்தமிழகச் சபைகளில் சி.இ. என்ற சுருக்கப் பெயரால் இந்தச் சங்கம் இன்றளவும் அறியப்படுகிறது.

தொண்டர் இயக்கமும் உலக மாணவர் சம்மேளனமும்

1886 கோடையில் நற்செய்தியாளர் டுவைட் மூடி, மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹெர்மனில் ஒரு மாணவர் முகாம் நடத்தினார். 251 கல்லூரி மாணவர்கள் வந்திருந்தனர். மிஷன் பணி அந்த முகாமின் முதன்மைப் பொருளாக இருக்கவில்லை. இந்தியாவில் பிறந்த ராபர்ட் வைல்டர் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தனித்தனியாகப் பேசியும் இரவுகளில் ஜெபித்தும் அதை முதன்மைப்படுத்தினர். முகாம் முடியும்போது நூறு பேர் வெளிநாட்டுப் பணிக்குக் கையெழுத்திட்டிருந்தனர். 1888இல் இது மாணவர் தொண்டர் இயக்கமாக அமைப்புப் பெற்றது. தங்கள் தலைமுறைக்குள்ளேயே உலகம் முழுவதற்கும் நற்செய்தி எட்ட வேண்டும் என்பதே அதன் முழக்கம். அடுத்த அரை நூற்றாண்டில் 20,000க்கும் மேற்பட்டோர் இதன் வழியாகக் கடல் கடந்தனர்.

கையெழுத்திட்ட நூறு பேரில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஜான் மோட். 1895இல் சுவீடனின் வாட்ஸ்டெனா கோட்டையில் அவரும் பல நாட்டு மாணவத் தலைவர்களும் கூடி உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை நிறுவினர். சம்மேளனத்தின் கொள்கை ஒவ்வொரு நாட்டு மாணவரும் தம் இயக்கத்தைத் தாமே நடத்த வேண்டும் என்பது. பெண் மாணவரிடையே பணியாற்ற ரூத் ரூஸ் போன்றவர்கள் நாடு நாடாகப் பயணம் செய்தனர். பெண்கள் கல்லூரிக்குள் நுழையத் தொடங்கிய காலம் அது. மேடையேறிப் பேசவும் குழுவுக்குத் தலைமை தாங்கவும் ஆலயத்தில் கிடைக்காத வாய்ப்பை இந்தச் சங்கங்கள் அவர்களுக்குக் கொடுத்தன. சென்னையில் பல மிஷன் அமைப்புகள் ஒன்றுகூடி 1915இல் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கிய சூழலும் இதுவே.

சென்னையும் திருநெல்வேலியும்

தமிழர் வாழும் நிலத்துக்கு இந்த அலை இரண்டு வழிகளில் வந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பிராங்க் சாண்டர்ஸ் 1884இல் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றை அமைத்தார், ஆசியாவின் தொடக்ககால மாணவர் சங்கங்களில் அது ஒன்று. 1890இல் டேவிட் மெக்கானகி சென்னைக்கு வந்து நகரச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இந்தியச் சங்கங்களின் தேசிய அமைப்பு உருவாயிற்று. பிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கரின் நன்கொடையால் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் எழுந்த சிவப்புக் கட்டடம், நூலகம், விரிவுரை மண்டபம், விளையாட்டு ஆகியவற்றால் கிறிஸ்தவர் அல்லாத மாணவரையும் ஈர்த்தது. அவர்களில் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. ஆனால் வேதாகமத்தைப் படிக்கவும் கிறிஸ்துவைப் பற்றிப் பேசவும் தயங்காத ஒரு நகர்ப்புறத் தலைமுறை உருவானது. 1920இல் எச். சி. பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பியது.

இந்தச் சங்கத்தின் வழியே உயர்ந்த தமிழருள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். மாணவர் தொண்டராக இந்தியா வந்து தமிழ் கற்ற ஷெர்வுட் எடியும் அவரும் நெருங்கிய நண்பர்கள். 1902இல் இருவரும் யாழ்ப்பாணம் சென்றனர். அங்கே தமிழ் மாணவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷன் சங்கம் நடத்தி, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியதை அசரியா கண்டார். பல ஆயிரம் கிறிஸ்தவர் வாழும் திருநெல்வேலி அப்படி எதையும் செய்யவில்லை என்ற எண்ணம் அவரைத் தூண்டியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அது நிஜாம் ஆட்சியின் தெலுங்குப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது அசரியா அதன் செயலாளரானார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அச்சங்கத்தின் நெறி.

வைக்கோற்போர் ஓரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த தூண்டுதல், யாழ்ப்பாண மாணவர் வழியாகத் திருநெல்வேலிக்கும், அங்கிருந்து தெலுங்கு நாட்டுக்கும் போனதை இந்த நிகழ்வுகள் காட்டுகின்றன. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் 35 வயது அசரியா பேசினார். மேலைநாட்டார் இந்தியருக்காகச் செய்த தியாகங்களை ஒப்புக்கொண்ட அவர், சமமான நட்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரங்கில் பலர் முகம் சுளித்தாலும், மாணவர் சங்கங்களில் வெள்ளையரோடு சமமாகப் பழகிய ஒருவரால்தான் அப்படிப் பேச முடிந்தது. 1912இல் அவர் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அந்த நட்பு வட்டம் சபை ஒற்றுமைக்கும் வித்திட்டது. 1919இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடிச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். அவர்களில் இருவர் தவிர மற்ற எல்லாரும் இந்தியர். அசரியாவும் எடியும் அங்கே முன்னின்றனர். பிரிவு பாராமல் ஒரே சங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஞாயிறுதோறும் வேறு வேறு கோயிலுக்குப் போவது பொருளற்றதாகத் தோன்றியது. 28 ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27இல், தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமாயிற்று.

தேசியமும் சமூகக் கேள்விகளும்

1912இல் இந்தியாவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் அமைந்தது. சில ஆண்டுகளில் ஒத்துழையாமை இயக்கம் கல்லூரிகளை உலுக்கியது. கிறிஸ்தவ மாணவர் முன் ஒரு கடுமையான கேள்வி நின்றது: இந்த நம்பிக்கை ஆட்சியாளரின் மதமா? சீனாவில் இதே கேள்வி வெடித்தது. 1922இல் உலக மாணவர் சம்மேளனம் பீஜிங்கில் மாநாடு கூட்ட ஏற்பாடு செய்தபோது, அதற்கு எதிராகவே ஷாங்காய் மாணவர்கள் கிறிஸ்தவ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினர். கிறிஸ்தவத்தை ஏகாதிபத்தியத்தின் கருவி என்று அவர்கள் குற்றம் சாட்டினர்.

இந்தியாவில் பதில் வேறு விதமாக வந்தது. சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரானார். சங்கத்தைக் கிராம மறுசீரமைப்பின் பக்கம் திருப்பினார். 1930இல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் கலந்துகொண்டார். அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மையம், கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றை இளைஞருக்குக் கற்பித்தது. மார்த்தாண்டம் தேனின் புகழ் அங்கே தொடங்கியது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள். கதர் உடுத்தி, சைவ உணவு உண்டு, திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்த ஆலயத்தில் வழிபட்டு வாழ்ந்த அவர்களின் முயற்சி, கிறிஸ்தவனாக இருக்க மேலைநாட்டானாக மாற வேண்டியதில்லை என்று இளைஞருக்குக் காட்டியது. சென்னையில் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலிய சிந்தனையாளர்கள் சபை அமைப்பையே கேள்விக்குள்ளாக்கி 1938இல் நூல் வெளியிட்டனர். அதே ஆண்டு இறுதியில் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதே காலத்தில் வேறொரு பாதை திறந்தது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குரு, ஆலைக்குப் போன தன் பள்ளித் தோழர்கள் திருச்சபையைத் துரோகியாகப் பார்ப்பதைக் கண்டு மனம் வருந்தியவர். 1925இல் அவர் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை அமைத்தார். நிலைமையைப் பார், நற்செய்தியின் ஒளியில் தீர்ப்பிடு, பிறகு செயல்படு என்ற மூன்று படிகள் அதன் முறை. தொழிலாளர்களுக்கு நற்செய்தி அறிவிப்பவர்கள் தொழிலாளர்களே ஆக வேண்டும் என்பது கார்டைனின் உறுதி. இந்தியாவில் 1924இல் தோன்றிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை, அதாவது ஐக்கஃப், பின்னர் இதே பார்வையில் சமூக நீதியின் பக்கம் நகர்ந்தது.

பிளவும் விலகலும்

மாணவர் இயக்கத்துக்குள் ஒரு விரிசல் முன்பே தொடங்கியிருந்தது. 1910இல் கேம்பிரிட்ஜ் மாணவர் குழு, பிரிட்டிஷ் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் கோட்பாட்டில் தளர்ந்துவிட்டது என்று கூறிப் பிரிந்தது. 1928இல் பிரிட்டனில் தனி நற்செய்தி மாணவர் அமைப்பு உருவாயிற்று. ஒரு பக்கம் சமூகக் கேள்விகளுக்கும் சபை ஒற்றுமைக்கும் முதன்மை தந்தது. மறுபக்கம் தனிமனித மனந்திரும்புதலுக்கும் வேதபாடத்துக்கும் முதன்மை தந்தது. இந்தியாவில் 1954இல் தோன்றிய யு.இ.எஸ்.ஐ. எனும் நற்செய்தி மாணவர் ஐக்கியம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முதல் வகை இயக்கம் உலகத் திருச்சபைக்குத் தலைவர்களை வழங்கியது. 1939இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கிறிஸ்தவ இளைஞர் மாநாட்டுக்கு 1,500 பேர் வந்தனர். கலைந்த ஒரு மாதத்துக்குள் உலகப் போர் மூண்டது. அங்கே உரையாற்றிய யாழ்ப்பாணத்து டி. டி. நைல்ஸ், 1948இல் அதே நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது தொடக்க ஆராதனையில் பேசினார். மன்றத்தின் முதல் பொதுச்செயலாளர் விசர் டி ஹூஃப்ட், மாணவர் சம்மேளனத்தில் பணியாற்றியவர். அடுத்த உலக இளைஞர் மாநாடுகள் 1947இல் ஆஸ்லோவிலும் 1952இல் கோட்டயத்திலும் நடந்தன.

ஆனால் 1960களில் மேலைநாடுகளில் காற்று மாறியது. 1960இல் ஸ்திராஸ்பூர்க்கில் மாணவர் சம்மேளனம் கூட்டிய மாநாட்டில் பெரிய இறையியலாளர்கள் மிஷன் பற்றிப் பேசினர். கேட்க வந்த மாணவர்களோ சபை என்ற அமைப்பின் மீதே பொறுமை இழந்திருந்தனர். வியட்நாம் போர், நிறவெறி எதிர்ப்பு, 1968இன் மாணவர் கிளர்ச்சிகள் ஆகியவற்றில் நம்பிக்கையைவிட அரசியல் முன்னே நின்றது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாணவர் கிறிஸ்தவ இயக்கங்கள் சில ஆண்டுகளில் சுருங்கின. ஞாயிறு ஆராதனைக்குப் பெற்றோர் போனதால் பிள்ளைகளும் போகும் வழக்கம் பல நாடுகளில் அந்தத் தலைமுறையோடு முறிந்தது.

தமிழ்நாட்டில் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் இருந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் கற்பித்த இளைஞர்களின் ஜெபக் குழுக்களிலிருந்து 1959இல் ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் எழுந்தது. ஊர்தோறும் சிறு ஜெபக் குழுக்கள் மாதச் சந்தா திரட்டி வட இந்தியாவுக்கு மிஷனெரிகளை அனுப்பின. பெரும் நன்கொடையாளரை நம்பாமல் ஆசிரியர், எழுத்தர், மாணவர் ஆகியோரின் சிறு தொகைகளில் நின்ற இந்த அமைப்பு, அசரியா காலத்து நெறியின் தொடர்ச்சியாகும்.

புதிய ஈர்ப்புகள்

மேலைநாட்டு விலகலுக்கு நடுவிலும் எவரும் எதிர்பாராத இடங்களில் இளைஞர் கூடினர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960களின் இறுதியில் ஹிப்பி இளைஞரிடையே இயேசு இயக்கம் பரவியது. கோஸ்டா மேசாவின் கால்வரி சேப்பல் வெறுங்காலோடும் நீண்ட முடியோடும் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. கடலில் ஞானஸ்நானம் கொடுத்தது. அவர்களின் கித்தார் இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் கேட்கும் இசைக்குழு ஆராதனையின் தொடக்கங்களில் அது ஒன்று.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள தெய்சே என்னும் சிற்றூரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ரோஜர் ஷுட்ஸ் 1940இல் அங்கே குடியேறி, போரின் அகதிகளுக்கு அடைக்கலம் தந்தார். 1949இல் முதல் சகோதரர்கள் துறவு வாக்குறுதி எடுத்தனர். புராட்டஸ்டன்ட்டாரும் பின்னர் கத்தோலிக்கரும் சேர்ந்து வாழும் துறவற இல்லமாக அது வளர்ந்தது. சகோதரர்கள் இளைஞரைத் திரட்டத் திட்டமிடவில்லை. 1950களின் இறுதியிலிருந்து அவர்கள் தாமாக வந்தனர். 1962இல் கட்டிய ஒப்புரவு ஆலயம் போதாமல் 1971 ஈஸ்டரில் அதன் பின்சுவரை இடித்துக் கூடாரம் சேர்க்க வேண்டியதாயிற்று. 1974இல் இளைஞர் மாமன்றம் தொடங்கியபோது 40,000 பேர் வந்தனர். திரும்பத் திரும்பப் பாடும் சிறு பாடல்கள், நீண்ட மௌனம், வேதபாடம், பாத்திரம் கழுவுதல் முதலிய பொதுவேலை ஆகியவையே அங்கே வாரம் முழுதும் நடப்பவை. வந்தவர்களைத் தெய்சே தன் இயக்கத்தில் சேர்ப்பதில்லை. உங்கள் ஊர்ச் சபைக்கே திரும்புங்கள் என்று அனுப்புகிறது. 1985இலும் 1988இலும் சென்னையிலும் தெய்சேயின் கண்டங்களுக்கிடையிலான இளைஞர் கூடுகைகள் நடந்தன. 2005 ஆகஸ்டில் மாலை ஜெபத்தின்போது சகோதரர் ரோஜர் கொல்லப்பட்ட பின்னும் கூட்டம் குறையவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1984 குருத்தோலை ஞாயிறன்று ரோமில் கூடிய இளைஞர் கூட்டத்தின் தொடர்ச்சியாக உலக இளைஞர் தினத்தை ஏற்படுத்தினார். முதல் தினம் 1986இல் கொண்டாடப்பட்டது. 1995இல் மணிலாவில் நிறைவுத் திருப்பலிக்கு ஏறத்தாழ 50 லட்சம் பேரும், 2023இல் லிஸ்பனில் சுமார் 15 லட்சம் பேரும் கூடியதாக மதிப்பிடப்பட்டது. திருத்தந்தையின் அழைப்பில் நடப்பதாயினும், ஒரே வயதினர் ஒருவரையொருவர் கண்டுகொள்வதே இதன் வலு.

இன்றைய நிலை

அமைப்புகளின் கணக்கும் நம்பிக்கையின் கணக்கும் இன்று ஒரே திசையில் செல்வதில்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் 2023-24 கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 62 விழுக்காட்டினர் தம்மைக் கிறிஸ்தவர் என்கின்றனர். 2007இல் இது 78 விழுக்காடு. அண்மைய ஆண்டுகளில் சரிவு பெரிதும் நின்றிருக்கிறது. ஆயினும் 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் கிறிஸ்தவர் 46 விழுக்காடே. மறுபுறம், மதச்சார்பின்மைக்குப் பேர்போன பிரான்சில் 2025 ஈஸ்டரில் 10,384 வயதுவந்தோர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர்; முந்தைய ஆண்டு 7,135 பேர். அவர்களில் மிகப் பெரிய பிரிவு 18 முதல் 25 வயதினர். மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு எண்ணிக்கை. பிறப்பால் கிறிஸ்தவராகும் குழந்தைகளின் குறைவை அது ஈடுசெய்வதுமில்லை. எனினும் மரபாகப் பெறாத நம்பிக்கையைத் தெரிந்து தேர்ந்துகொள்ளும் இளைஞர் பெருகுவதை அது காட்டுகிறது.

இந்த வரலாறு முழுவதிலும் சில நிபந்தனைகள் திரும்ப வருகின்றன. சம வயதினர் சம வயதினரை அழைத்தபோது இளைஞர் வந்தனர். பார்வையாளராக அன்றிப் பொறுப்பாளராக நடத்தப்பட்டபோது தங்கினர். நகரத் தனிமை, உலகம், தேசம், சமூக நீதி என்று தங்கள் காலத்தின் கேள்வியை அந்தக் கூட்டத்தில் எழுப்ப முடிந்தபோது அவர்களின் நம்பிக்கை ஆழப்பட்டது. வட்டுக்கோட்டை செமினரியைப் போலக் கல்வியும் வேலையும் நம்பிக்கைக்குக் கூலியாகத் தோன்றியபோதும், சங்கத்தின் கட்டடமும் நிர்வாகமும் அதன் நோக்கத்தைவிடப் பெரிதானபோதும் அவர்கள் விலகினர். அசரியாவைப் போன்ற சிலர் சங்கத்தில் கற்ற நட்பையும் ஒற்றுமையையும் சபைக்குள் கொண்டுவந்து அதையே மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குச் சபை இடங்கொடுத்த அளவே இளைஞர் எழுச்சிகள் ஒவ்வொன்றும் நிலைத்த பயனைத் தந்தன.